திரும்பவும் கீழே

“என்ட காலக் கொஞ்சம் புடிங்கண்ணே” என்றான் அபூதாஹிர்.

நான் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். எஞ்சின் போட்டின் ஓரத்தில் இடிபடாமல் இருக்க, கணுக்காலுக்கு மேலே இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். உப்புப் பூத்த கால். சூடு இருந்தது. உள்ளே நாடி துடிப்பது என் பெருவிரலுக்குத் தெரிந்தது.

“புடிச்சிருக்கிறன் தம்பி.”

“இல்லண்ணே. காலச் சொன்னன். கால.”

பகிடி விடுகிறான் என்று நினைத்துச் சிரிக்கப் போனேன். பக்கத்தில் நின்ற றுவைஸின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இறக்கக்கண்டிக் கரையில் என் வேலை சிலிண்டர் சுமப்பது. காற்றடித்த சிலிண்டர்களைக் கொட்டிலிலிருந்து போட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், வெறுஞ் சிலிண்டர்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். முந்தித் துறைமுகத்தில் மா மூட்டை சுமந்தவன். முதுகு மூட்டைக்கு ஏலாது என்றான பிறகு இந்தக் கரைக்கு வந்தேன். போட் ஸெய்னுதீன் முதலாளியுடையது. அதில் கடலட்டை எடுக்கப் போகிற சுழியோடிகள் இரண்டு பேர், அபூதாஹிரும் றுவைஸும். றுவைஸ், அபூதாஹிரின் மனைவி நிப்லாவுக்குத் தம்பி. போன போட் பின்னேரம்தான் திரும்பும். அன்றைக்கு வெயில் ஏறமுதலே எஞ்சின் சத்தம் கேட்டது. அட்டை நிறையக் கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினவன் நான்.

“என்னடா நடந்தது?”

“ஒண்டுமில்லண்ணே” என்றான் றுவைஸ். “மேல வந்தான். அட்டையக் கொட்டினான். பிளேன்டீ கேட்டான். கோப்பையக் குடுக்கக்குள்ள, காலெல்லாம் எறும்பு ஊருது எண்டான். கொஞ்சத்தால, எறும்பும் இல்லெண்டான்.”

கரையோரத்தில் அட்டை முடிந்துபோன வருசம் அது. ஆழத்துக்குப் போனால்தான் உண்டு. ஆழத்தில் கிடந்துவிட்டுக் கெதியாய் மேலே வந்தால் உடம்புக்குள் காற்று நுரைத்துவிடும் என்று சுழியோடிகள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் இறங்குவார்கள்.

பிளாஸ்டிக் கதிரையொன்றைக் கொண்டுவந்து அதில் அவனை இருத்தி வீட்டுக்குத் தூக்கினோம். உயிருள்ள ஆளைத் தூக்கினால் அந்த ஆளும் கொஞ்சம் உதவும். கழுத்தைப் பிடிக்கும், பாரத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றும். மூட்டை அப்படிச் செய்யாது. அபூதாஹிர் இடுப்புக்கு மேலே ஆளாக இருந்தான், கீழே மூட்டையாக இருந்தான். கால்கள் மணலில் கோடு இழுத்துக்கொண்டே வந்தன. அவன் அந்தக் கோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

நிப்லா குசினியில் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். எழும்பி வந்தவள் கத்தவில்லை. தேங்காய்ப்பூ ஒட்டின கையோடு அவன் காலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். சாரனை முழங்காலுக்கு மேலே ஒதுக்கியும் பார்த்தாள்.

“காயம் எங்க?”

“காயம் இல்ல ராத்தா” என்றான் தம்பிக்காரன்.

“காயம் இல்லாம எப்படிடா கால் போகும்?”



செய்தி ஒழுங்கையெல்லாம் போய்விட்டது. சனம் வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் வேப்பெண்ணெய், ஒருவர் பால்மாப் பேணி. எதிர்வீட்டார் செவ்விளநீரைக் குலையோடு கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். கடலுக்குள் கிடந்த உடம்பு காய்ந்து போயிருக்கும், தண்ணிச்சத்து ஏறினால் நரம்பு இளகும் என்றார்கள். சீவச் சீவ நிப்லா வாங்கிக் கொடுத்தாள், அவன் குடித்தான். இஞ்சி போட்ட பிளேன்டீ, கஞ்சி, திரும்ப இளநீர். கொடுத்தவர்களின் மனம் நோகக்கூடாதென்று எல்லாவற்றையும் குடித்தான்.

“போதும் புள்ள” என்று இடையில் ஒருக்கால் சொன்னான். கை அடிவயிற்றில் இருந்தது.

“வயித்துக்குள்ள நோவுதோ?” என்று கேட்டேன்.

“இல்லண்ணே. தாழுறதுக்கு ஈயப் பெல்ட் கட்டின எடம். வேறொண்டுமில்ல.”

வீட்டுக்குள் பெண்கள் நிறைந்து நின்றார்கள். அவன் அவர்களையும் பார்த்தான், என்னையும் பார்த்தான், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஏதோ சொல்ல நினைத்தான் என்று இப்போது விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை.

றுவைஸ் மணலைத் தாச்சியில் வறுத்துச் சீலையில் முடிந்து கொண்டுவந்தான். கடற்கரையில் பிடிப்பு, சுளுக்கு என்றால் அதுதான் முதல் வைத்தியம். மச்சானின் பாதத்தில் வைத்து அமத்தினான்.

“சுடுதா மச்சான்?”

“இல்ல.”

“இப்ப?”

“இல்லடா. வெச்சிட்டியா?”

“இவன் வேணுமெண்டே சொல்றான் ராத்தா. நாளைக்கு என்ன மட்டும் கடலுக்கு அனுப்பிட்டு இவன் படுத்துக் கெடக்கப் பாக்கான்.”

சனம் சிரித்தது. அபூதாஹிரும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் வீடு கொஞ்சம் இலேசானது. பிறகுதான் ஒரு மணம் வந்தது. நிப்லா முடிச்சைப் பிடுங்கி எறிந்தாள். பாதத்தின் தோல் வெள்ளையாய்க் கிளம்பி நீர்கோத்து நின்றது.

அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஏன் எல்லாரும் நிறுத்திவிட்டோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

“ஓட்டோவக் கூப்பிடுங்க” என்றாள் நிப்லா. “ஆசுபத்திரிக்குப் போவம்.”

அந்த நேரம்தான் ஸெய்னுதீன் முதலாளி உள்ளே வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். தன் பிள்ளைகளுக்கு வாங்குகிற துணியைச் சுழியோடிகளின் பிள்ளைகளுக்கும் பெருநாளைக்கு வாங்கிக் கொடுக்கிறவர். வந்ததும் அபூதாஹிரின் தலைமாட்டில் குந்தி அவன் நெற்றியில் கை வைத்தார்.

“ஆசுபத்திரியில என்ன மகள் செய்யப்போறாங்க? சேலைன் ஏத்துவாங்க. இது கடலால வந்தது. கடலுக்குள்ளதான் போகோணும்.”

“என்ன சொல்றீங்க காக்கா?” என்று நிப்லா அவரைக் கேட்டாள்.

“திரும்பக் கீழ கொண்டுபோய் வெச்சிரிந்து, பையப் பையக் கொண்டுவருவம். போன சோளகக் காத்துக்கு ஒன்ட தம்பிக்குக் கை போகல்லியா? கேட்டுப்பாரு. கீழ எறக்கித்தானே எடுத்தம்.”

றுவைஸ் வலது கையை நீட்டி, விரித்து, மூடிக் காட்டினான். அதை நானும் கண்டவன்தான். காலையில் தொங்கின கை, பின்னேரம் சோறு பிசைந்தது.

“அது கை” என்றாள் நிப்லா. “இது ரெண்டு கால்.”

“கையெண்டாலும் காலெண்டாலும் கடலுக்கு ஒண்டுதான்.”

“நேவிக்காரன்ட முகாமுக்குள்ள இதுக்கெண்டே ஒரு இரும்பு அறை இரிக்காமே. அதுக்குள்ள வெச்சிக் காத்தடிப்பாங்களாமே.”

“அதுக்கு ஆசுபத்திரியால துண்டு எழுதிக் குடுக்கோணும், நேவிக்காரன் வாசல் கேட்டத் தெறக்கோணும். அதுக்குள்ள நரம்பு செத்துரும். கடல் இந்தா கெடக்கு. கேட்டும் இல்ல, துண்டும் இல்ல.”

நிப்லா என்னைப் பார்த்தாள். “அண்ணன், நீங்க சொல்லுங்க. நீங்க வெளி ஆள்.”

என்ன சொல்வது? “தங்கச்சி, றுவைஸ் எழும்பினதக் கண்டனான். மற்றது எனக்குத் தெரியாது” என்றேன். அது பொய்யில்லை.

“ஆசுபத்திரிக்குப் போன சுழியோடியில நடந்து வந்தவன் ஒருத்தனச் சொல்லு பாப்பம்” என்றான் அபூதாஹிர்.  “எல்லாரும் சக்கரக் கதிரையத் தள்ளிக்கிட்டுத்தானே வந்தாங்க. நான் அப்படிக் கெடக்கமாட்டன் புள்ள. ஒன்னக் கொண்டு கழுவிச்சிக்கிட்டுக் கெடக்கமாட்டன். என்னக் கீழ எறக்கச் சொல்லு.”

வாசலில் ஓட்டோ வந்து நின்று ஹோர்ன் அடித்தது. நிப்லா அதைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். தலைச்சீலையை இழுத்து இறுக்கினாள்.

“அப்ப நானும் போட்டில வாறன்.”

“பொம்புள ஏறுறல்ல மகள், அட்டைப் போட்டில.”

“ஏறினா என்ன, தாழுமா? தாழ்ந்தா ஒங்கட போட்தானே தாழும்.”

 ஓட்டோ வெறுமையாய்த் திரும்பிப் போனது.

கொட்டிலில் காற்றோடு கிடந்த சிலிண்டர் எல்லாவற்றையும் நான் சுமந்து ஏற்றினேன். எழுத்துக்கூட்டப் பழகின புதிதில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆளின் முதலெழுத்தை நானே மையால் எழுதி வைத்திருந்தேன். அபூதாஹிரின் ‘அ’ கடைசியாய் ஏறினது.

கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. கரை சின்னதாய்த் தெரிகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தி, கல் கட்டின கயிற்றை இறக்கினோம். றுவைஸ் மச்சானுக்குச் சிலிண்டரைப் பூட்டினான், கண்ணாடியை மாட்டினான். பிறகு கால்துடுப்பை எடுத்து, அந்த வெந்த பாதத்தைப் பார்த்துத் தயங்கினான்.

“போடுடா” என்றான் அபூதாஹிர். “கால் வந்தா அடிக்கத் தேவைப்படும்.”

இரண்டு பேரையும் இறக்கிவிட்டோம். கயிறு என் கையில். ஒரு இழுப்பென்றால் சுகம். இரண்டென்றால் அடுத்த சிலிண்டரை அனுப்ப வேண்டும். நிப்லா போட்டின் ஓரத்தில் கவிழ்ந்து படுத்து, முகத்தின் இரண்டு பக்கமும் கையை வைத்து மறைத்துக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தாள். குமிழிகள் மட்டும் வந்தன. கொத்துக் கொத்தாய் வந்து அவள் முகத்துக்குக் கீழே உடைந்தன. வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

ஒரு இழுப்பு. சுகம்.

இன்னொன்று. சுகம்.

பிறகு திடீரென்று பக்கத்தில் தண்ணீர் வெடித்தது. றுவைஸின் தலை. வாய்க்குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினான்.

“ராத்தா! கால் அடிக்கான்! ராத்தா, ரெண்டு காலாலயும் அடிக்கான்!”

முதலாளி எஞ்சின் பெட்டியில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். “நான் சொன்னனா இல்லியா? மகள், நான் சொன்னனா இல்லியா?” நிப்லா நிமிரவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே கையை நீட்டித் தம்பியின் நனைந்த தலையைத் தடவினாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்களால் ஒரு மனிதனுக்குக் கால் வந்துவிட்டது.

றுவைஸ் திரும்ப இறங்கினான். இரண்டு இழுப்பு வந்தது. சிலிண்டர் கட்டி அனுப்பினேன். பிறகும் வந்தது. பிறகும். ‘அ’வையும் கட்டி அனுப்பிவிட்டுத் திரும்பினபோது போட்டில் வெறுஞ் சிலிண்டர்கள்தான் உருண்டுகொண்டு கிடந்தன.

கயிற்றில் இரண்டு இழுப்பு வந்தது.

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி என்னைப் பார்த்தார்.

“இன்னும் எவ்வளவு நேரம் வெச்சிருக்கவேணும் முதலாளி?”

அவருக்குத் தெரியவில்லை. றுவைஸுக்குக் கை வந்த அன்றைக்கு எவ்வளவு நேரம் வைத்திருந்தோம் என்பதும் ஞாபகம் இல்லை. ஆளைக் கீழே இறக்குவதைப் பற்றித்தான் காலையிலிருந்து கதைத்திருந்தோம். பையப் பைய என்றதைத் தவிர, மேலே எடுப்பதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

கயிறு திரும்பவும் இரண்டு தரம் இழுபட்டது. பிறகு நிற்காமல் இழுபட்டது.

கீழே நடந்ததைப் பிறகு றுவைஸ்தான் சொன்னான். காற்று முடியப்போகுது, வா என்று சைகை காட்டினானாம். அபூதாஹிர் தலையை ஆட்டி மறுத்திருக்கிறான். கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றிருக்கிறான். காலை உதைத்து உதைத்துக் காட்டினானாம், பார், இங்கே இருக்கு என்கிற மாதிரி. விரல் விரலாய்ப் பிரித்துத்தான் கொண்டுவந்தானாம்.

அபூதாஹிர் மேலே வந்தபோது கால்துடுப்பு தண்ணீரை அடித்ததை நிப்லா கண்டாள். “கண்டன்! அண்ணன், கண்டன்!” கக்கத்துக்குள் கை கொடுத்து ஏற்றினோம். முழங்கால் போட்டின் பலகையில் மோதிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எங்களுக்கு அவ்வளவு நல்லாயிருந்தது. அவன் முழங்காலை மடக்கிக் காட்டினான், நீட்டிக் காட்டினான். முதலாளி அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாய்ச் சொல்லி எஞ்சினை இழுத்தார். றுவைஸ் மச்சானின் முதுகில் அடித்தான்.

“என்னடா, இனிப் படுத்துக் கெடக்க ஏலாதே!”

நிப்லா போத்தலிலிருந்து கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கினான். ஒரு மிடறு குடித்தான்.

கோப்பை விழுந்தது.

போட் துள்ளினதால் விழுந்தது என்று நினைத்தேன். அவன் குனிந்து எடுக்கவில்லை. கையைப் பார்த்தான். மடியில் கிடந்த கையை, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். முழங்கால் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

“நிப்லா, என்ட கையப் புடி.”

“புடிச்சிரிக்கன்” என்றாள் அவள்.

முதலாளியின் வேனில் திருகோணமலைக்குப் போனோம். பின் சீட்டில் அவனைக் கிடத்தி, உருளாமல் நானும் றுவைஸும் அணைத்துப் பிடித்தோம். நிலாவெளி வீதி முழுக்க வெள்ளைக்காரர்கள் குளிக்கிற உடுப்போடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். அபூதாஹிர் மூச்சை எண்ணி எடுக்கிறவன் மாதிரி வாயால் எடுத்தான்.

ஆசுபத்திரியில் டொக்டர் ஒரு பெண்பிள்ளை. தமிழ்ப் பிள்ளைதான். கட்டிலில் போட்டதும் அவன் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தார். முகம் மாறினது.

“காலமைல இருந்து இவர் சலம் போனவரா?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

“ஒருத்தரும் கேக்கேல்லையா?”

மூத்திரம் எடுக்கக் குழாய் போட்டார்கள். பை நிறைந்தது. தாதி அதை ஊற்றிவிட்டு வந்து கொளுவினார். திரும்பவும் நிறைந்தது. நிப்லா அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவ்வளவும் நாங்க குடுத்தது” என்றாள். “எளநி, கஞ்சி, எல்லாம் நான் என்ட கையால குடுத்தது. வலிச்சிருக்குமே. சொல்லல்லியே, டொக்டர். எனக்கிட்டக் கூடச் சொல்லல்லியே.”

அபூதாஹிர் கண்ணை மூடிக்கொண்டான். நோவு போன முகமாய் இருந்தது. வெட்கம் போகவில்லை.

டொக்டர் பேனையை எடுத்தார். “சரி. எப்ப மேல வந்தவர்?”

றுவைஸ் இன்னும் ஈரமாய்த்தான் நின்றான். காற்சட்டையிலிருந்து சொட்டின கடல்தண்ணீர் காலடியில் தேங்கியிருந்தது.

“எந்த முற?” என்று கேட்டான்.

டொக்டர் நிமிர்ந்தார். றுவைஸைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், நிப்லாவைப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பேனையை மேசையில் வைத்துவிட்டு ரெலிபோனை எடுத்தார்.

நேவி முகாமின் வாசலில் எங்களை மறிக்கவில்லை. முன்னரே சொல்லி வைத்திருந்தார்கள் போல, அம்புலன்சுக்குத் தடியைத் தூக்கிவிட்டார்கள். சண்டைக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடிவந்த காலத்திலிருந்து அந்த வாசலைத் தாண்டும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போகிறவன் நான். அன்றைக்கு உள்ளே போனேன். ஆளைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. கட்டிலிலிருந்து அந்த இரும்பு அறையின் பலகைக்கு அவனை மாற்றும்போது கழுத்தைக்கூடப் பிடிக்கவில்லை அவன். முழுவதும் மூட்டையாகிவிட்டிருந்தான். கண் மட்டும் நிப்லாவைத் தேடினது.

கதவைப் பூட்டினார்கள். உள்ளே காற்று சீறுகிற சத்தம் வெளியே கேட்டது. எங்கள் கொட்டிலில் சிலிண்டருக்குக் காற்றடிக்கும்போது கேட்கிற அதே சத்தம். அவனோடு ஒரு நேவிப் பொடியனும் உள்ளே இருந்தான். பக்கத்தில் வட்டமாய்த் தடித்த கண்ணாடி யன்னல். ஸெய்னுதீன் முதலாளி அதன் கிட்டப் போகவில்லை. தூரத்தில் மரத்துக்குக் கீழே நின்று தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். றுவைஸ் தரையில் குந்தி, வலது கையை விரிப்பதும் மூடுவதுமாய் இருந்தான்.

“ஆசுபத்திரிக்குப் போயிரிந்தா அப்பவே இஞ்ச வந்திரிக்கலாம்” என்றான் என்னிடம், மெதுவாய். “காலைல, ஓட்டோவில. கொஞ்சத் தூரம்தானே அண்ணே.”

 நிப்லா நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். அவளின் நகக்கண்ணில் காலையில் திருவின தேங்காய்ப்பூ காய்ந்து ஒட்டியிருந்தது.

யன்னலில் நின்ற சிங்கள நேவிக்காரர் உள்ளே உற்றுப் பார்த்தார். கண்ணாடியில் தட்டினார். உள்ளே இருந்த பொடியன் ஏதோ கை காட்டினான். நேவிக்காரர் சிரித்த முகத்தோடு திரும்பி எங்களைக் கூப்பிட்டார்.

“அக்கா! வாங்க, பாருங்க. கால் ஆடுது! மாத்தயாட, ஐயாட கால் ஆடுது!”

றுவைஸ் துள்ளி எழும்பி யன்னலுக்கு ஓடினான். மரத்தடியில் முதலாளி கை இரண்டையும் ஏந்தினார். நானும் எழும்பினேன்.

நிப்லா எழும்பவில்லை. யன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. இரண்டு கையையும் மடிக்குள் வைத்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மேல வரட்டும்” என்றாள். “மேல வந்த பிறகு சொல்லுங்க.”